எஃப் கார்டு பேசாத கிட்டார்: கோளாறு நட்டில்

செங்கோட்டைச் சாரலில் வீட்டோடு கிடந்த நாட்களில் புதுப் பாட்டு எதை எடுத்தாலும் எஃப் பாரேயில் (ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்து அழுத்தும் பிடி) நின்றது. முதல் இரண்டு கம்பிகளும் மொத்தென்றன. அதே பிடி 5-ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) சுத்தமாகப் பேசியது. சி கார்டில் 2-ஆம் கம்பி மட்டும் சுருதி ஏறி நின்றது. திறந்த கம்பியோ ட்யூனரில் சரி.

முதல் கம்பி 0.010 அங்குலமுள்ள மெல்லிய கம்பி செட் மாட்டினேன், மாற்றமில்லை. ஈரம் என்று பெட்டியில் சிலிக்கா ஜெல் வைத்தேன். ஈரத்தில் மேல்பலகை உப்பினால் 12-ஆம் ஃபிரெட் பக்கம்தான் கம்பி உயரும், இங்கே அப்படியில்லை. கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பியதும் வீண்.

முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு ஒரு ஃபிரெட் தள்ளிப் பிடித்ததும் பாரே லேசாக விழுந்தது. அப்படியானால் நட்டில், அதாவது கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையில், பள்ளம் ஆழம் போதவில்லை. கம்பியை 3-ஆம் ஃபிரெட்டில் அழுத்தி முதல் ஃபிரெட்டின் மேல் பாருங்கள்: தாள் கனம் இடைவெளி போதும். இதில் விசிட்டிங் கார்டே நுழைந்தது. இடைவெளி கூடினால் அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும்.

கம்பித் தடிமனுக்கேற்ற நட் அரத்தைத் தலைப்பக்கம் சரித்து, இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை கம்பியைப் போட்டுப் பார்த்தே தேய்க்க வேண்டும். ஆழம் மிஞ்சினால் திறந்த கம்பி இரையும். சமையல் சோடாவும் சூப்பர் க்ளூவும் இட்டு நிரப்பி மறுபடி தேய்க்கலாம்.

எஃப்பில் ஆள்காட்டி விரல் பிடிக்க வேண்டியது 6, 2, 1 கம்பிகளை மட்டுமே. விரலைச் சற்றுப் பக்கவாட்டில் உருட்டி வைத்தால் போதும்.