ஒரு காதில் ஹெட்போன், ஒரு காதில் ஸ்பீக்கர்: கேட்டே பீட் சேர்க்கப் பழகலாம்

எங்கள் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் கணியான் கூத்து நடந்தால் மகுடம் என்ற கொட்டு இரண்டு அடிப்பார்கள். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். குரல் வேறு, நடை ஒன்று. டிஜே இரண்டு பாட்டை அப்படி ஒரே நடையில் ஓடவிடுவதுதான் பீட்மேட்சிங்.

முதலில், இரண்டு பாட்டின் வேகத்தையும் தானே சேர்த்துவிடும் சிங்க் பட்டனை டிஜே கன்ட்ரோலரில் அணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் தாளம் போட்ட இரண்டு பாட்டு போதும். ஒன்று 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி), மற்றது 123 என்று பக்கத்தில் இருக்கட்டும். ஆள் உட்கார்ந்து வாசித்த பழைய சினிமாப் பாட்டில் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கும், அதை அப்புறம் பார்க்கலாம். மூன்று மூன்றாக நடக்கும் திஸ்ர நடைக் குத்துப் பாட்டையும் நான்கு நான்காக நடக்கும் சதுஸ்ரத்தையும் இப்போது கலக்க வேண்டாம்.

முதல் பாட்டு ஸ்பீக்கரில் ஓடட்டும். இரண்டாவது ஹெட்போனில் மட்டும். ஒரு காதை மூடி, ஒரு காதைத் திறந்து வையுங்கள். இரண்டாவது பாட்டின் முதல் 'டப்' தொடங்கும் இடத்துக்கு ஜாக் வீலை (கன்ட்ரோலரில் கையால் சுற்றும் வட்டத் தட்டை) மெதுவாகத் திருப்பிக் க்யூ, அதாவது தொடங்கும் இடத்தின் குறி, வையுங்கள். காலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணி, அடுத்த ஒன்றில் ப்ளே.

சேர்ந்தால் ஒரே 'டப்'. சேராவிட்டால் 'டடப்'. எது முந்துகிறது என்று உடனே பிடிபடாது. ஜாக் வீலின் ஓரத்தை லேசாகப் பின்னால் தள்ளுங்கள். இடைவெளி குறைந்தால் ஹெட்போன் பாட்டுதான் முந்தியது. கூடினால் முன்னால் தள்ளுங்கள். சேர்ந்ததும் கையை எடுத்து 16 அடி எண்ணுங்கள். அரை பிபிஎம் வித்தியாசம் இருந்தாலே அதற்குள் 30 மில்லி செகண்டுக்கு மேல் விலகிவிடும். திரும்பத் திரும்ப முன்னால் தள்ள வேண்டியிருந்தால் வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடர் என்ற தள்ளுகட்டையில் வேகம் கூட்டுங்கள். பல கன்ட்ரோலர்களில் அதை நம் பக்கம் இழுத்தால் வேகம் கூடும். 120-ஐ 123 ஆக்க 2.5 சதவீதம் போதும்.

இனி நான் பட்ட பாடு. ஒரு கொடையில் ஸ்பீக்கர் பாக்ஸ் எல்லாம் பந்தலின் அந்தக் கடைசியில், என்னிடமிருந்து சுமார் 17 மீட்டர். என் காதுக்கு இரண்டு பாட்டும் ஒட்டிக்கொண்டன. இரண்டாவது பாட்டின் சத்தத்தைக் கூட்டும் ஃபேடரை ஏற்றினேன். மைக் செட் அண்ணாச்சி ஓடி வந்தார்: "எலே, கொட்டு ரெண்டா விழுதுல!"

சத்தம் செகண்டுக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 17 மீட்டர் வர 50 மில்லி செகண்ட். 120 பிபிஎம்மில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 500 தான். தாமதமாக வந்த சத்தத்தோடு ஹெட்போனைச் சேர்த்ததால் என் இரண்டாவது பாட்டே 50 பின்தங்கிவிட்டது.

அதனால் பாட்டு போடும் முன்பே, "அண்ணாச்சி, ஒரு சின்ன பாக்ஸ் என் பக்கத்துல வையுங்க" என்று கேட்டு வாங்கிவிடுங்கள். கைக்கெட்டும் தூரத்தில், திறந்த காதைப் பார்த்து இருக்கட்டும். பாக்ஸ் இல்லையென்றால் ஹெட்போனில் எந்தப் பாட்டு எவ்வளவு கேட்கும் என்று மாற்றும் க்யூ மிக்ஸ் குமிழை நடுவில் வைத்து இரண்டு பாட்டையும் ஹெட்போனிலேயே கேளுங்கள். அங்கே தூரம் குறுக்கே வராது.

சேர்ந்த பிறகு, புதிய பாட்டின் பேஸை (கனத்த கீழ்ச் சத்தத்தை) குறைத்துச் சத்த ஃபேடரை ஏற்றி, 32 அடிச் சுற்று முடியும்போது பழைய பாட்டின் பேஸைக் குறைத்துப் புதியதன் பேஸைக் கூட்டுங்கள். ஒரு கை ஜாக் வீல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வீட்டில் தினமும் இருபது நிமிடம் பழகும்போது, திரையில் பிபிஎம் எண் தெரியும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். காது சேர்ந்தது என்று சொன்ன பிறகு பிரித்துப் பாருங்கள்.