தசைகளுக்கு நடுவே ஓடும் இழுவிசையை உங்கள் காலிலேயே பார்ப்பது எப்படி?

தசை சுருங்கினால் விசை அதன் இரு முனை நாண்கள் வழியாக எலும்புக்குப் போகிறது என்றுதான் படித்திருப்போம். அப்படியானால் மேல் நாணிலும் கீழ் நாணிலும் ஒரே விசை இருக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் பீட்டர் ஹௌயிங் குழுவினர் எலியின் பின்னங்காலில் விரல்களை நீட்டும் தசையில் அளந்தபோது இரண்டும் ஒன்றாக இல்லை. மீதி விசை, சுற்றியுள்ள இணைப்புத் திசு வழியாகப் பக்கத்துத் தசைகளுக்கும் உறைகளுக்கும் போயிருந்தது. நம் தொடையில் ஓடும் சார்டோரியஸ் தசையில் பல இழைகள் நாணைத் தொடாமல் நடுவழியிலேயே முடிகின்றன. அவற்றின் விசை பக்கவாட்டில் உறைகளின் வழியாகத்தான் போயாக வேண்டும்.

எலியில் அளந்ததை வீட்டில் அப்படியே அளக்க முடியாது. ஆனால் தசைகளை மட்டும் வைத்து விளக்க முடியாத ஓர் இழுவையைக் கணுக்காலில் பார்க்கலாம். முதுகுத்தட்டு பிதுங்கியவர்கள், காலில் ரத்தக்கட்டு அல்லது அண்மைக் காயம் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். மரத்துப்போனாலோ சுருக்கென்றாலோ உடனே நிறுத்துங்கள்.

தேவை: உதவிக்கு ஒருவர், துணிப்பட்டை, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு, சாய்வுமானி ஆப் உள்ள போன். பிளாஸ்டிக் கோணமானியை நான் பரிந்துரைக்க மாட்டேன், கை அசைந்தாலே அளவு மாறிவிடும். போனை உள்ளங்காலில் ரப்பர் பேண்டால் கட்டிவிட்டால் போதும். தராசை மட்டும் தவிர்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே விசையில் இழுக்காவிட்டால் கோணத்தை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

படி 1: மல்லாந்து படுங்கள். முட்டி நேராக இருக்கட்டும். ஆடுசதைக்கு அடியில் மடித்த துண்டை வைத்தால் குதிகால் தரையில் உரசாது. பட்டையை விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில் மாட்டி, உதவியாளர் தராசோடு சேர்த்துத் தலைப்பக்கமாக மெதுவாக இழுக்கட்டும். 5 கிலோ போதும், வலிக்கக் கூடாது. சில முறை இழுத்துத் திசுவைப் பழக்கிய பிறகு கோணத்தைக் குறியுங்கள்.

படி 2: அதே காலை நீட்டியபடி, சுவரில் முதுகு சாய்த்து உட்காருங்கள். அதே 5 கிலோ. அப்புறம் மறுபடி படுத்து ஒரு முறை.

உட்காரும்போது பலருக்குக் கணுக்கால் குறைவாகவே மடங்கும். இது வியப்பான விஷயம், ஏனென்றால் இடுப்பையும் கணுக்காலையும் சேர்த்துக் கடக்கும் தசை எதுவும் இல்லை. கெண்டைக்காலின் இரு பெரிய தசைகளில் கேஸ்ட்ரோக்னீமியஸ் முட்டிக்குச் சற்று மேலே தொடையெலும்பில் தொடங்குகிறது, சோலியஸ் முட்டிக்குக் கீழேயே. இடுப்பை மடக்கியது இவற்றின் நீளத்தை மாற்றவே இல்லை.

பெரும்பாலும் சோதனை கெடுவது இந்த இரண்டாம் படியில்தான். உட்கார்ந்தவுடன் பின்தொடைத் தசை இறுகி, முட்டியைக் கொஞ்சம் மேலே தூக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் முட்டி மடங்கினால் கேஸ்ட்ரோக்னீமியஸ் தளர்ந்து கணுக்காலுக்கு இடம் கொடுத்துவிடும், வித்தியாசம் காணாமல் போகும். அதனால் முட்டிக்குச் சற்று மேலே, தொடையில் ஒரு கையை லேசாக வைத்து எழும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து உட்கார முடியாதவர்கள் கொஞ்சம் பின்னால் சாயலாம். முட்டி நேராக இருப்பதுதான் முக்கியம்.

சரி, இழுப்பது யார்? முதல் சந்தேகம் இடுப்பிலிருந்து பின்தொடை வழியாக இறங்கும் சயாட்டிக் நரம்பு, அதன் உறை, அதைச் சுற்றிய திசு. தொடையிலிருந்து கெண்டைக்காலுக்குத் தொடரும் தசை உறைக்கும் பங்கு இருக்கலாம். இந்தச் சோதனை இவற்றைப் பிரித்துக் காட்டாது. எல்லாவற்றையும் ஃபேசியா என்ற இந்தத் தசை உறையின் தலையில் கட்டுவதை நான் ஏற்கவில்லை.

பின்சேர்க்கை: "எனக்கு இரண்டும் ஒன்றுதான்" என்று சிலர் கருத்தில் எழுதியிருந்தார்கள். படுத்திருக்கும்போது போன் திரையைப் பார்க்கத் தலையைத் தூக்கினீர்களா என்று முதலில் கவனியுங்கள். கழுத்தின் நிலையும் நரம்பின் இறுக்கத்தை மாற்றும். அளவை உதவியாளரே படிக்கட்டும்.

இன்னொருவர், அன்றாட நடையிலும் தசைகள் இப்படி விசையைப் பகிர்கின்றனவா என்று கேட்டார். பூனையின் சோலியஸில் 2008-இல் வெளியான அளவீட்டில், இயல்பான மூட்டு நிலைகளில் அந்தப் பங்கு மிகச் சிறியதாகவே இருந்தது. எலி ஆய்வில் பெரிதாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம், தசைகளை ஒன்றுக்கொன்று வெகுவாக இடம் மாற்றி வைத்து அளந்தது.