ஊர்க் குடிநீரைக் கண்காணிக்க ஒரே நோட்டு போதும்

தருமபுரி மாவட்டத்தில் எங்கள் ஊரைப் போல நிறைய ஊர்கள் உண்டு. 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீரும், ஊரில் முன்பே இருந்த ஆழ்துளைக் கிணற்றின் (போர்) தண்ணீரும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் ஏறுகின்றன. காவிரி குறைகிற நாளில் போர் மோட்டாரைக் கொஞ்சம் அதிகம் ஓட்டுவார்கள். குழாயில் தண்ணீர் வரும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு வரும் தண்ணீரில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு ஏறியிருக்கும். நிறத்திலோ வாசனையிலோ ருசியிலோ அது தெரியாது.

அதனால்தான் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதையும் எப்படி இருக்கிறது என்பதையும் ஒரே நோட்டில், ஒரே வரியில் எழுதச் சொல்கிறேன். பல ஊர்களில் வரத்துக் கணக்கு டேங்க் ஆப்பரேட்டரிடமும், பரிசோதனை முடிவு கிட் (சோதனைப் பெட்டி) வைத்திருக்கும் பெண்களிடமும் தனித்தனியாகக் கிடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

கிராமத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் கள நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தருகிறார்கள். மகளிர் குழு வழியாகப் போய் நானும் கற்றுக்கொண்டேன். பயிற்சி இல்லாதவர்களும் கீழே உள்ளதில் பாதியைச் செய்யலாம். அதற்கு ஒரு 20 லிட்டர் கேனும் ஒரு செல்போனும் போதும்.

எந்தக் குழாயில் பார்ப்பது

கடைசி வீட்டில். டேங்க் அடியில் பிடித்த தண்ணீர் டேங்கைப் பற்றி மட்டுமே சொல்லும். குழாய் எங்கே உடைந்திருக்கிறது, எங்கே சாக்கடையைத் தாண்டுகிறது என்பதெல்லாம் கடைக்கோடிக் குழாயில்தான் வெளிப்படும். ஊரின் வரைபடம் ஒன்றைக் கையால் வரைந்து, தண்ணீரைத் திறந்து மூடும் ஒவ்வொரு கேட் வால்வுக்கும் கடைசியாக உள்ள வீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வீடுகள் பெரும்பாலும் காலனிப் பக்கமோ மேட்டுப் பக்கமோதான் இருக்கும். குறைவான தண்ணீரும் மோசமான தண்ணீரும் ஒரே வீட்டுக்குப் போவதை இந்த வரைபடம் யாருக்கும் காட்டிவிடும்.

வரத்தை அளப்பது

குடத்தால் அளக்காதீர்கள், வீட்டுக்கு வீடு குடத்தின் அளவு மாறும். கடையில் விற்கிற தண்ணீர் கேன் சரியாக 20 லிட்டர். அது நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு சுலபம். முதல் தெருவில் கேன் 90 நொடியில் நிரம்பினால், தண்ணீர் வரும் அரை மணி நேரத்தில் 400 லிட்டர் பிடிக்கலாம். கடைசித் தெருவில் அதே கேனுக்கு 4 நிமிடம் ஆனால் 150 லிட்டர்தான். ஜல் ஜீவன் அளவுப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், அதாவது ஐந்து பேர் வீட்டுக்கு 275. முதல் தெரு மிச்சம் பிடிக்கிறது, கடைசித் தெருவுக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைக்கிறது. "தண்ணி சரியா வரல" என்று சொன்னால் "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று பதில் வரும். 400-க்கு 150 என்று காட்டினால் அந்தப் பதில் வராது.

கடைசி வீட்டில் திடீரென்று குறைந்தால், வழியில் யாரோ குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களா என்று முதலில் பாருங்கள். இது பக்கத்து வீட்டுத் தண்ணீரை எடுப்பதோடு நிற்பதில்லை. மோட்டார் இழுக்கும்போது விரிசல் வழியாக மண்ணும் சாக்கடை நீரும் குழாய்க்குள் வந்துவிடும். இதைச் சொந்தக்காரர் வீட்டிலேயே பார்த்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

போரைக் கண்காணிக்க ஒரு கேள்வி போதும்: காலி டேங்க் நிரம்ப எத்தனை மணி நேரம்? மூன்று மணியில் நிரம்பியது நாலரை ஆனால் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், மோட்டார் தேய்ந்திருக்கலாம், ஏற்றுக் குழாய் கசியலாம். ஆப்பரேட்டர் அண்ணனிடம் தினமும் இந்த நேரத்தைக் கேட்டு எழுதுங்கள். கோடையில் இது மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால், போர் வற்றும்முன் ஊராட்சியில் பேச உங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

கசிவு டேங்கிலா தெருக் குழாயிலா என்று தெரிய, இரவு ஏற்றுவதையும் விடுவதையும் நிறுத்திய பிறகு டேங்கின் மட்டத்தைக் குறித்து, விடிகாலையில் மீண்டும் பாருங்கள். 30,000 லிட்டர் டேங்கில் தண்ணீர் 3 மீட்டர் நிற்கும் என்றால், 10 செ.மீ. இறக்கம் என்பது 1,000 லிட்டர். கேட் வால்வை இறுக மூடியும் இறங்கினால் டேங்கோ வால்வோ கசிகிறது. மூடினால் நிற்கிறது, திறந்தால் இறங்குகிறது என்றால் தெருக் குழாயைத் தேடுங்கள்.

குளோரின்: தினமும் பார்க்க வேண்டிய ஒன்றே ஒன்று

மற்ற எதையும் செய்ய நேரமில்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின் குழாய்த் தண்ணீரில் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இது. பரிசோதனைக் குழாயில் கோடு வரை தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். உடனே, சில நொடிகளுக்குள் வண்ண அட்டையோடு ஒப்பிடுங்கள். நேரம் போகப் போக நிறம் அடர்ந்து பொய் சொல்லும். சோதித்த தண்ணீரைக் குடிக்கும் பாத்திரத்தின் பக்கமே கொண்டுபோகாமல் கொட்டிவிடுங்கள், அந்த மருந்து நஞ்சு.

கடைசி வீட்டில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். டேங்க் அடியில் 0.5 அளவு இருந்தால் கடைசி வரை மிஞ்சும் என்பது எங்கள் ஊர் அனுபவம். டேங்க் அடியில் 0.5 இருந்தும் கடைசி வீட்டில் பூஜ்யமானால், நடுவில் அழுக்கு புகுந்து குளோரினைத் தின்றிருக்கிறது என்று பொருள். எனக்கு இது கிருமிப் பரிசோதனையை விட முக்கியம். கிருமிப் பரிசோதனை ஒரு நாள் கழித்துச் சொல்வதைக் குளோரின் அந்த நிமிடமே சொல்லிவிடுகிறது.

குளோரினுக்காக டேங்கில் போடும் பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது வழக்கமான அளவு, 30,000 லிட்டருக்கு 120 கிராம். பிளாஸ்டிக் வாளியில் முதலில் கூழாகக் குழைத்து, பிறகு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் டேங்கில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும். இந்த அளவு நல்ல பவுடருக்கு. மூட்டையைத் திறந்து போட்டால் வீரியம் போய்விடும். ஆப்பரேட்டர் அளவு சரியாகப் போட்டும் மஞ்சள் வரவில்லை என்றால் அவரைக் குறை சொல்லும்முன் மூட்டையை முகர்ந்து பாருங்கள். காரமான நெடி இல்லாவிட்டால் புதுப் பவுடர் கேளுங்கள்.

தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தில் காலிக் குழாய் சுற்றியுள்ள ஈரத்தை உள்ளே இழுக்கும். அதனால் வந்தவுடன் முதல் ஐந்து நிமிடத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். கலங்கலோ நாற்றமோ இருந்தால் அந்தத் தெருவில் சாக்கடையைக் கடக்கும் இணைப்பைத் தோண்டச் சொல்லுங்கள்.

கிருமிப் பரிசோதனை

குளோரின் பூஜ்யமாக இருந்த இடத்திலும், மழைக்கு முன்னும் பின்னும் இதைச் செய்யுங்கள். குழாயின் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் கிட்டில் வரும் பாட்டிலில் கோடு வரை பிடியுங்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள். 24 மணியிலிருந்து 48 மணிக்குள் கறுத்தால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. அந்தத் தெருவுக்கு அன்றைக்கே வீடு வீடாகச் சொல்லுங்கள், ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். கறுத்த பாட்டிலில் கிருமி பெருகியிருக்கும். பிளீச்சிங் கரைசல் ஊற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் புதைத்துவிடுங்கள்.

அங்கன்வாடியிலும் கிராம சுகாதார செவிலியரிடமும் வாரம் ஒரு முறை வயிற்றுப்போக்கு பற்றிக் கேட்டு அதே நோட்டில் எழுதுங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் வெளியே வந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. டேங்க் ஏணிக்குக் கதவும் மேல்மூடிக்குப் பூட்டும் உண்டா, சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் கண்காணிப்புதான். சுத்தம் செய்த தேதியை டேங்க் தூணில் எழுதியிருப்பார்கள். அதைப் படிப்பதோடு நிற்காமல், சுத்தம் செய்யும் அன்று கூடவே இருங்கள்.

ஃப்ளோரைடு

என் மாமியாருக்கு முட்டி மடங்காது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பல வருடம் ஆகிறது. போர் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறை அது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் பல்லில் தெரியும் பழுப்புக் கோடுகளும் அதே தண்ணீர் போட்டவை. சுமார் எட்டு வயது வரை, பல் உருவாகும் காலத்தில் குடித்த தண்ணீர் அதில் பதிந்துவிடுகிறது.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-இன்படி ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. இப்போது கலவைக் கணக்கைப் பாருங்கள். போரில் 3, காவிரியில் 0.3 என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு போர் கலந்தால் 1.2. பாதிக்குப் பாதி ஆனால் 1.65, எல்லையைத் தாண்டியாச்சு. அப்படியானால் காவிரி எத்தனை மணி நேரம் ஏறியது, போர் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற ஆப்பரேட்டரின் கணக்குதான் உங்கள் பிள்ளையின் பல்லைத் தீர்மானிக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை ரசாயனப் பரிசோதனை என்பது அரசு வழிகாட்டுதல். கலவை ஊர்களுக்கு அது போதாது. கலவை மாறும்போதெல்லாம் ஃப்ளோரைடு பாருங்கள்.

எங்களிடம் உள்ள கிட்டில் மருந்துச் சொட்டு விட்டால் இளஞ்சிவப்பு நிறம். ஃப்ளோரைடு கூடக் கூட அது மஞ்சளுக்குப் போகும். பின்னால் வெள்ளைத் தாளை வைத்து, பகல் வெளிச்சத்தில், இரண்டு பேர் தனித்தனியாக அட்டையோடு ஒப்பிடுங்கள். மருந்தின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 1-க்கும் 1.5-க்கும் நடுவில் சந்தேகம் வந்தால், சுத்தமான பிளாஸ்டிக் கேனில் மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கிட் காட்டுவது எச்சரிக்கை, ஆய்வகம் தருவது ஆதாரம்.

காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அது இன்னும் அடர்த்தியாகும். நைட்ரேட்டும் அப்படியே. போருக்குப் பக்கத்தில் ஆட்டுப்பட்டியோ கழிவறைக் குழியோ இருந்தால் நைட்ரேட்டையும் சோதியுங்கள், லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இது ஆபத்து.

டி.டி.எஸ். மீட்டரை நம்பி ஏமாற வேண்டாம். அது மொத்த உப்பைத்தான் காட்டும். 400 காட்டும் தண்ணீரில் ஃப்ளோரைடு 2 இருக்கலாம். வீட்டுக்கு வருகிற நீர் சுத்திகரிப்புக் கருவி விற்பனையாளர் தண்ணீரில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிப் பழுப்பாக்கிக் காட்டினால், அது அந்த இரும்புக் கம்பி கரைந்த நிறம்.

நோட்டில் என்ன எழுதுவது

தேதி, எந்த வீட்டுக் குழாய், காவிரி ஏறிய மணி, போர் ஓடிய மணி, தண்ணீர் வந்த நேரம் நின்ற நேரம், கேன் நிரம்பிய நொடி, குளோரின், கலங்கல் வாசனை, அன்று சோதித்திருந்தால் ஃப்ளோரைடு, பாட்டில் கறுத்ததா, யாருக்காவது வயிற்றுப்போக்கா. ஒரு நாளுக்கு ஒரு வரி. பரிசோதித்தவரின் கையெழுத்தும் வேண்டும்.

மாதம் ஒரு முறை பக்கத்தைப் படம் எடுத்து ஊராட்சி செயலருக்கு அனுப்புங்கள். மார்ச் 22, உலக தண்ணீர் தினம் அன்று கிராம சபை நடக்கிறது. கோடை தொடங்கும் அந்த நேரத்தில் நோட்டோடு போங்கள். "தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்" என்று தீர்மானம் எழுதினால் அதில் யாருக்கும் எந்த வேலையும் இல்லை. "கடைசித் தெருவுக்குத் தனி கேட் வால்வு அமைக்க வேண்டும். காவிரி வரத்து குறையும் நாளில் போர் தண்ணீரை டேங்கில் கலக்காமல், துவைக்கவும் மாட்டுக்கும் தனித் தொட்டியில் விட வேண்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். நோட்டில் உள்ள தேதிகளையும் அளவுகளையும் தீர்மானத்திலேயே சேர்க்கச் சொல்லி, நகல் வாங்கி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டுங்கள்.