சம்பூரில் சோலர் வந்தால் போதுமா? மின்சாரக் கணக்கில் நாங்கள் விடும் பிழைகள்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்று கடந்து கொஞ்ச நேரத்தில் இலங்கை முழுக்கக் கரண்ட் போனது. நான் திருகோணமலை உப்புவெளியில் மாமா வீட்டில் இருந்தேன். கூரை நிறையச் சோலர் தட்டுகள், முற்றத்து மணலில் கால் வைக்க முடியாத வெயில், உள்ளே நின்றுபோன ஃபேன். மாமா எழுந்துபோய், சோலர் மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டருக்கு முன்னால் நின்றார். சிவப்பு விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. "மருமகன், இவ்வளவு காசைக் கொட்டிப் போட்டிருக்கு. வெயில் இப்பிடி எறிக்குது. ஒரு ஃபேன் சுத்தக் கரண்ட் இல்லையா?" என்றார்.

இல்லைதான். லைன் செத்தால் வீட்டு இன்வேட்டரும் தானாக நிற்கவேண்டும். நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு எங்கள் கூரையிலிருந்து ஷொக் அடிக்கும். அதோடு, பெரும்பாலான வீட்டு இன்வேட்டர்கள் லைனின் தாளத்தைக் கேட்டுத்தான் ஆடும். தாங்களாகத் தாளம் போடத் தெரியாது. பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் இல்லாத வீட்டில் சோலர் என்பது பில்லைக் குறைக்கும் சாமான், கரண்ட் போனால் கைகொடுக்கும் சாமான் அல்ல. பொருத்திக் கொடுத்தவர்கள் மாமாவுக்கு இதைச் சொல்லவே இல்லை.

மாமா வீட்டுக்காகக் கேட்ட கேள்வியைத்தான் பலரும் நாட்டுக்காகக் கேட்கிறார்கள். இவ்வளவு வெயிலும் காற்றும் இருக்க வேறு மின்நிலையம் எதற்கு? 2030இல் மின்சாரத்தின் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து வரவேண்டும் என்று இலக்கு வைத்திருக்கும் நாட்டில் இது நியாயமான கேள்வி. வெயிலும் காற்றும் குறையும்போது சட்டென்று ஏறி, கூடும்போது இறங்கும் வளைந்துகொடுக்கும் மின்நிலையம் வேண்டும் என்பதே என் பதில். ஆனால் பதில் தேடும்போது ஆளுக்கொரு பிழை விடுகிறோம்.

குரங்கின் மேல் பழி போடுவது

பாணந்துறை உபமின்நிலையத்தில் பாய்ந்த குரங்குதான் காரணம் என்று அன்று செய்தி வந்தது. பிறகு முகநூல் முழுக்கக் குரங்குதான். நானும் இரண்டு படம் பகிர்ந்தேன், மறைப்பானேன்.

ஆனால் உபமின்நிலையங்களில் கோளாறு வருவது புதினமல்ல. குரங்கு வராவிட்டால் ஒரு காகம், ஒரு தென்னோலை, ஒரு மின்னல். இடித்தால் தாங்கும் நிலையில் மின்வலையமைப்பு இருந்ததா என்பதுதான் விஷயம். ஞாயிறு என்பதால் அலுவலகம், தொழிற்சாலை எல்லாம் பூட்டு, தேவை குறைவு. உச்சி வெயிலில் சோலர் பெரும் பங்கைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு இடம்விட்டு, சுற்றும் கனமான இயந்திரங்கள் பல நிறுத்தப்பட்டிருந்தன.

இந்தக் கனம் ஏன் தேவை? அம்மாவின் கால்மிதித் தையல் மெசினை நினைத்துப் பாருங்கள். மிதிப்பதை நிறுத்தினாலும் அதன் பெரிய இரும்புச் சில்லு இன்னும் நாலு சுற்றுச் சுற்றும். தடித்த துணி ஊசியில் மாட்டினாலும் சில்லின் வேகம் உடனே விழாது. ஏ.எல். பௌதிகவியலில் சடத்துவம் என்று படித்தது இதைத்தான். மின்நிலையத்தில் நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள டர்பைனும் மின்பிறப்பாக்கியும் அந்தச் சில்லின் வேலையைச் செய்கின்றன. சோலர் தட்டில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை. சில்லு சிறிதாக இருந்தால் ஒரு சின்ன இடிக்கும் லைனின் தாளம், அதாவது மீடிறன், செக்கனுக்கு 50இலிருந்து மளமளவென்று விழும். அப்போது பாதுகாப்புக் கருவிகள் ஒவ்வொன்றாகத் தங்களைத் துண்டித்துக்கொள்ளும். அன்று நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று அலகுகளும் நின்றன. ஒவ்வொன்றும் 300 மெகாவாட், மொத்தம் 900.

மின்சாரம் பின்னேரத்துக்குள் வந்துவிட்டது. நுரைச்சோலை வரவில்லை. அது பழைய நிலைக்குத் திரும்பச் சில நாள் எடுத்தது. திங்களும் செவ்வாயும் முறைபோட்டு மின்வெட்டு. என் பார்வையில் குரங்கைவிட இதைத்தான் கவனித்திருக்க வேண்டும்.

எல்லா அனல்மின்னும் ஒன்று என்று எண்ணுவது

"சோலர் குறையும் நேரத்தில் நிலக்கரியைக் கூட்டி எரித்தால் சரிதானே" என்று சொல்பவர்கள் பேக்கரிப் போறணையைப் பார்க்கவேண்டும். விறகு போட்டு, மணிக்கணக்கில் சூடேற்றி, பாண் தட்டுகளை உள்ளே தள்ளும் போறணை. அதை ஒரு வாடிக்கையாளருக்காக அணைத்து, அடுத்தவருக்காகப் பற்றவைக்க முடியாது. தேத்தண்ணிக்குக் கேஸ் குக்கர் வேண்டும்.

நிலக்கரிக் கொதிகலன் போறணை ரகம். முழுதாக ஆறியபின் திரும்பச் சூடேற்றி லைனில் இணைக்க அரை நாளும் போகும், அதற்கு மேலும் போகும். அவசரப்பட்டால் தடித்த இரும்பு ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் வெடிப்பு வரும். கீழே இறக்குவதிலும் எல்லை உண்டு. முழு வலுவில் ஏறத்தாழப் பாதிக்குக் கீழே போனால் தீ தள்ளாடும், எண்ணெய் ஊற்றித் தாங்கவேண்டி வரும். ஜெர்மனி, டென்மார்க் போன்ற நாடுகளில் பழைய நிலையங்களை மாற்றியமைத்து இன்னும் கீழே இறக்குகிறார்கள். ஆனால் அது செலவுள்ள வேலை.

கேஸ் குக்கர் ரகத்தில் இரண்டு உண்டு. ஒன்று, விமான எஞ்சினின் உறவுக்காரரான வாயு டர்பைன். நீராவிப் பகுதி இல்லாமல் தனியே ஓடினால் கால் மணி நேரம் போலத்தான் எடுக்கும். மற்றது, கப்பல் எஞ்சின் போன்ற பெரிய பிஸ்டன் எஞ்சின்கள். பத்துப் பன்னிரண்டை வரிசையாக வைத்து, தேவைக்கு ஏற்ப இரண்டை, ஐந்தை, எல்லாவற்றையும் ஓட்டலாம். நின்ற நிலையிலிருந்து முழு வலுவுக்கு வர ஐந்து நிமிடம் வரை போதும். திரும்ப நிறுத்தினாலும் முணுமுணுக்காது.

வாயு டர்பைனின் சூட்டை வீணாக்காமல் நீராவி டர்பைன் ஒன்றையும் சுற்றவைக்கும் கூட்டு நிலையங்கள் எரிபொருளை நன்றாகச் சேமிக்கும். ஆனால் நீராவிப் பகுதிக்குப் போறணைக் குணம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். கெரவலப்பிட்டியில் உள்ள 300 மெகாவாட் யுகதனவியும் 350 மெகாவாட் சோபாதனவியும் இந்த வகை. இயற்கை வாயுவுக்கென்று யோசித்தவை, திரவ வாயு இறக்கும் முனையம் நாட்டில் இல்லாததால் எண்ணெய் குடிக்கின்றன. அந்த எண்ணெய்ச் செலவைப் பார்த்துவிட்டு "வளைந்துகொடுக்கும் மின்நிலையம் என்றாலே விலை கூட" என்று முடிவு கட்டுவது இன்னொரு பிழை. எரிபொருள் ஒன்று, இயந்திரத்தின் குணம் வேறொன்று.

மெகாவாட்டை மட்டும் எண்ணுவது

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வருவதாக இருந்து, 2016இல் கைவிடப்பட்டது. அந்த மண்ணுக்காக ஊர்ச்சனம் பட்ட பாடு தனிக்கதை. இப்போது அங்கே சோலர். 50, 70 என்று இரண்டு கட்டங்களாக மொத்தம் 120 மெகாவாட். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது கட்டுமான வேலையை ஆரம்பித்து வைத்தார்கள்.

"500க்குப் பதிலாக 120தானா" என்று ஒரு கட்சி, "புகையில்லாத 120 வருகிறதே" என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் பார்ப்பது பெயர்ப்பலகையை. அந்த 120 மத்தியானம்தான் 120. காலையும் மாலையும் இரவும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இரவு ஏழரைக்கு, மூதூரிலும் கிண்ணியாவிலும் அடுப்படி விளக்கும் தொலைக்காட்சியும் ஃபேனும் ஒன்றாக ஓடும் நேரத்தில், சுழியம்.

உதாரணத்துக்கு, மத்தியானம் சோலரிலிருந்து 1,000 மெகாவாட் வருகிறது என்று வையுங்கள். கூரைச் சோலர் மட்டுமே நாட்டில் அந்த அளவைத் தாண்டியிருக்கிறது. பின்னேரம் நாலு மணியிலிருந்து ஏழு மணிக்குள் அந்த ஆயிரமும் கரைகிறது. அதே நேரம் தேவை ஒரு ஐந்நூறு ஏறுகிறது. மூன்று மணி நேரத்துக்குள் 1,500 மெகாவாட்டை வேறெங்கிருந்தோ கொண்டுவரவேண்டும். அது ஒன்றரை நுரைச்சோலைக்கும் மேல், ஒவ்வொரு நாளும். அதனால்தான் மெகாவாட்டோடு இன்னும் மூன்றைக் கேட்கவேண்டும். எவ்வளவு வேகமாக ஏறும், எவ்வளவு தூரம் இறங்கித் தாங்கும், எத்தனை மணி நேரம் நிற்கும்.

"மகாவலி இருக்கே" என்று விட்டுவிடுவது

இது எங்கள் ஊர்ப் பிழை. உண்மையில் நீர்மின்னைவிட நல்ல வளைந்துகொடுக்கும் மின்நிலையம் இல்லை. கதவைத் திறந்தால் நிமிடங்களில் வலு. மகாவலித் திட்டத்தின் விக்டோரியா நிலையம் 210 மெகாவாட், கொத்மலை 201. இன்றைக்கும் மாலை ஏற்றத்தின் பெரும் பாரத்தைச் சுமப்பது இவைதான்.

ஆனால் தண்ணீருக்கு இரண்டு எசமான்கள். கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் மகாவலி ஆறு பிரிகிறது. ஒரு பங்கு சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்குப் போய், அம்பன் கங்கை வழியாக மின்னேரியா, கவுடுல்ல, கந்தளாய்க் குளங்களைத் தேடி வருகிறது. மிச்சம் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று மூன்று நிலையங்களைச் சுற்றிவிட்டு, கடைசியில் எங்கள் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. ஆக, பொல்கொல்லையில் திரும்பிக் கந்தளாய் வயலுக்கு வரும் தண்ணீர் விக்டோரியா டர்பைனைக் காணாத தண்ணீர். சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் விவசாயி கேட்பது நாள் முழுக்க நிதானமாக ஓடும் வாய்க்கால். மின்சாரம் கேட்பது மாலையில் நாலு மணி நேரப் பாய்ச்சல். மழை பொய்த்த வருடத்தில் இருவருக்கும் போதாது. அல்லைப் பக்கத்து வயல்காரரிடம் "இரவு விளக்குக்காகத் தண்ணியைப் பிடிச்சு வைக்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள்.

பற்றரி அல்லது எஞ்சின் என்று சண்டை பிடிப்பது

தென் அவுஸ்திரேலியா 2016 செப்டெம்பரில் மாநிலம் முழுக்க இருண்டது. அடுத்த வருடம் ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பற்றரி வைத்து உலகச் செய்தியானது. செக்கனுக்குள் பதில் சொல்லும் சாமான், குரங்கு பாயும் கணத்துக்கு அதைவிடத் தோதானது இல்லை. ஆனால் அன்று அதன் கொள்ளளவு 129 மெகாவாட்-மணி. முழு வலுவில் விட்டால் ஒன்றேகால் மணி நேரம் போலத்தான். அதே மாநிலத்தில் 2019இல் அடிலெய்டுக்கு அருகே பார்க்கர் இன்லெட் என்ற 210 மெகாவாட் நிலையம் திறந்தார்கள். பன்னிரண்டு பிஸ்டன் எஞ்சின்கள், ஐந்து நிமிடத்தில் முழு வலு. பற்றரி செக்கன்களுக்கும் மணிகளுக்கும், எஞ்சின் நாட்களுக்கு. மார்கழியில் வாடைக் காற்றோடு மேகம் மூடி ஒரு கிழமை வெயில் காணாத திருகோணமலைக்கு இந்த வித்தியாசம் புரியும்.

இங்கேதான் "வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கிற நிலையத்துக்கு ஏன் காசு?" என்று கேட்பார்கள். துறைமுகத்தில் டக் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். சீனக்குடாவுக்குக் கோதுமைக் கப்பல் வரும்போது இழுக்கும், மற்ற நேரம் கட்டிக் கிடக்கும். கட்டிக் கிடக்கிறது என்று விற்றுவிட யாரும் சொல்வதில்லை. ஓடிய யூனிற்றுக்கு மட்டும் காசு என்று ஒப்பந்தம் எழுதினால், தயாராக நிற்கும் நிலையத்தை யாரும் கட்டமாட்டார்கள். அதற்காக, அவசரகாலம் என்று வாடகைக்கு எடுத்து மாதக்கணக்கில் ஓட்டும் பழைய டீசல் ஜெனரேற்றர்களை இந்தக் கணக்கில் சேர்த்துவிடக்கூடாது. அது டக் அல்ல, நட்டம்.

தேவையை அசைக்க முடியாது என்று நினைப்பது

2025 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில், பின்னேரம் மூன்று மணி வரை கூரைச் சோலரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. மாமாவுக்குக் கோபம். "போடு போடு என்றவனே நிப்பாட்டு என்கிறானே." கோபம் நியாயம். ஆனால் தேவை விழுந்து கிடக்கும் நாளில், கீழே இறங்க முடியாத இயந்திரங்களும் இறக்கிவைக்க முடியாத கூரைகளும் சேர்ந்தால் வேறு வழி இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான கூரைகளைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்து பார்க்கவும் முடியாது, ஒரு பொத்தானில் குறைக்கவும் முடியாது. வானொலியில் கெஞ்சத்தான் முடியும்.

மறுபக்கம், அந்த மத்தியான வெளிச்சத்தைக் குடிக்க ஆள் இல்லாமல் இல்லை. மீன் ஏற்றும் ஊர் இது. ஐஸ் கம்பனிகளுக்கு எப்போது உறைந்தாலும் கட்டி கட்டிதான், விடியற்காலை வாடிக்கு வந்தால் சரி. மத்தியானம் உறையவைத்தால் அதுவே ஒரு பற்றரி. ஆனால் தொழிற்சாலைக் கட்டணப் பட்டியலில் ஆக மலிவான நேரம் இரவு பத்தரையிலிருந்து காலை ஐந்தரை வரை. இரவில் நிலக்கரி வேலையில்லாமல் எரிந்த காலத்துக் கணக்கு அது. எனக்குத் தெரிந்த ஐஸ் கம்பனிக்காரர் ஒருவர் மத்தியானம் கொம்பிறசரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறார். இரவு பத்து முப்பத்தொன்றுக்குத் திரும்பப் போடுகிறார்.