ஆர்க்கிடெக்சர் போர்ட்ஃபோலியோ: பெங்களூரு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் பியூசி முடிவதற்குள் ‘பிள்ளைக்கு வரையும் கை இருக்கிறது, ஆர்க்கிடெக்சரில் சேர்த்துவிடலாம்’ என்று வீட்டில் பேச்சு எழுந்துவிடும். உடனே ஆறாம் வகுப்பிலிருந்து வரைந்ததெல்லாம் பீரோவிலிருந்து இறங்கி, கல்லூரிக்குக் காட்டும் படைப்புத் தொகுப்பு, அதாவது போர்ட்ஃபோலியோ, என்ற பெயரில் ஒரே ஃபைலில் ஏறிவிடும். நன்றாக வரையும் பிள்ளைகளும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கேட்காத இடத்துக்குத் தயாரிப்பது முதல் தவறு. கர்நாடகத்தில் மாநிலத் தேர்வு ஆணையமான கேஇஏ நடத்தும் கவுன்சலிங் வழியாகக் கிடைக்கும் பி.ஆர்க். சீட்டுக்கு, ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வான நாட்டாவின் மதிப்பெண்ணும் பியூசி மதிப்பெண்ணும்தான் கணக்கு. டெல்லியின் மத்திய ஆர்க்கிடெக்சர் கல்லூரியான எஸ்பிஏவுக்கும், தேசியத் தொழில்நுட்பக் கழகங்களான என்ஐடிக்களுக்கும் ஜேஇஇ மெயின் தேர்வில் ஆர்க்கிடெக்சருக்கென்று இருக்கும் இரண்டாம் தாள். இங்கெல்லாம் போர்ட்ஃபோலியோவுக்கு வேலை இல்லை. அதைக் கேட்பவை சில தனியார் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டுக் கல்லூரிகள் பலவும். நியூயார்க்கின் கூப்பர் யூனியன் போன்ற இடத்தில், வீட்டிலிருந்தே செய்து அனுப்பும் ‘ஸ்டூடியோ டெஸ்ட்’ இருக்கிறது. ஆகவே விண்ணப்பிக்கும் கல்லூரிகளின் பட்டியலை முதலில் எழுதுங்கள். எத்தனை படைப்பு, எத்தனை பக்கம், ஃபைல் எத்தனை எம்பி என்பதை அந்தந்தக் கல்லூரியின் இந்த ஆண்டு அறிவிப்பிலிருந்து பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். போன வருடம் சேர்ந்த அக்கா சொன்ன கணக்கை நம்ப வேண்டாம். இதற்காக வரைந்து பழகியது எப்படியும் வீண்போகாது. நாட்டாவின் 200 மதிப்பெண்ணில் 80 வரைதலுக்குத்தான்.

அடுத்தது, எல்லாவற்றிலும் பெரிய தவறு: போட்டோவைப் பார்த்து வரைந்ததை நிரப்புவது. நடிகர் முகம், புலியின் கண், இணையத்தில் கிடைத்த ஐரோப்பியத் தெரு. ஷேடிங் அற்புதமாகவே இருக்கலாம். ஆனால் எதை விடுவது, எங்கே வெட்டுவது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் கேமரா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. மாணவர் தானே பார்த்து எடுத்த முடிவு அதில் இல்லை; தேர்வாளர்கள் தேடுவதோ அதைத்தான். கோச்சிங் வகுப்பில் முப்பது பேரும் ஒரே மாதிரி வரைந்த பெர்ஸ்பெக்டிவ் தாளும் இதே ரகம். விண்ணப்பங்களில் அப்படி இரண்டு வந்தாலே தேர்வாளருக்குத் தெரிந்துவிடும்.

நேரில் உட்கார்ந்து வரையுங்கள். அல்சூர் சோமேஸ்வரர் கோயில் மண்டபத் தூண்கள், கப்பன் பூங்காவின் மூங்கில் புதர், சிவாஜிநகரில் 1927இல் எழுந்த ரஸ்ஸல் மார்க்கெட்டின் முகப்பு, மெட்ரோ தூணுக்கடியில் பூக்கட்டும் தட்டு, எதுவானாலும் சரி. உட்கார்ந்ததும் உங்கள் கண் மட்டத்தைக் காட்டும் ஐ லெவல் கோட்டை மெலிதாகப் போட்டுவிடுங்கள். பாதியில் எழுந்து நின்று வரைந்தால் அந்தக் கோடு ஓரடிக்கு மேல் உயர்ந்துவிடும். தூணின் அடியும் தலையும் ஒன்றுக்கொன்று சேராமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

‘கனவு இல்லம்’ பிளான் வைப்பது இன்னொரு வழக்கமான தவறு. மென்பொருளில் நாலு நாளில் செய்த நீச்சல்குளப் பங்களாவை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கட்டடம் வேண்டுமென்றால் வாழும் வீட்டை அளந்து வரையலாம். இருபதுக்கு முப்பது சைட்டில் கட்டிய வீட்டின் வெளிப்புற மாடிப்படி ஒன்றே போதும். படிகளை ஒவ்வொன்றாக அளந்து கூட்டாதீர்கள். படிக்கு 3 மில்லிமீட்டர் பிசகினாலும் 18 படியில் 5.4 சென்டிமீட்டர் தப்பிவிடும். தரையிலிருந்து மேல்தளம் வரை மொத்த உயரம் எடுத்து, ஏற்றங்களின், அதாவது கால் தூக்கி ஏறும் உயரங்களின், எண்ணிக்கையால் வகுக்கவும். 3060 மில்லிமீட்டர், 18 ஏற்றம் என்றால் ஒன்று 170. கடைசி ஏற்றம் மேல்தளத்திலேயே முடிவதால், கால் வைக்கும் பலகை ஒன்று குறைவாக, 17தான் வரும். ஒவ்வொன்றும் 250 என்றால் நீளம் 4250. இதை 1:20 அளவில், அதாவது இருபதில் ஒரு பங்காக, போட்டால் 153 மில்லிமீட்டர் உயரம், 212.5 நீளம். படுக்கவைத்த ஏ4 தாளில் சரியாக அமரும். அதில் பாட்டி கைவைத்து ஏறும் இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்திருப்பதையும் குறித்துவிட்டால், எந்த பங்களாவையும்விட அந்தத் தாள் அதிகம் பேசும்.

செய்முறையை ஒளிப்பதும் தவறுதான். வாசலில் போடும் சிக்குக்கோலத்தை முடிந்த படமாக மட்டும் வைத்தால் அது அலங்காரமாக நின்றுவிடும். புள்ளிக் கட்டம் ஒன்று, கோடு எங்கே திரும்பி எங்கே மூடுகிறது என்று காட்டும் பாதி நிலை ஒன்று, அதே கோட்டைக் கம்பியில் வளைத்த சின்ன மாடல் ஒன்று, மூன்றையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். தட்டையான கோடு உருவமாக எழும் விதம் அதில் தெரியும். ஸ்கெட்ச்புக்கின் அழுக்கான பக்கங்கள் இரண்டு மூன்றும் இருக்கட்டும்.

கல்லூரி எண்ணிக்கை சொல்லாவிட்டால் 12 முதல் 15 படைப்பு போதும். சுமாரான ஒன்று பக்கத்தில் இருக்கும் நல்லதையும் கீழே இழுக்கும். மிகச் சிறந்தது முதலில், அதற்கடுத்தது கடைசியில்.

நல்ல படைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் மோசமான போட்டோ. டியூப் லைட்டுக்கடியில் எடுத்தால் தாள் பச்சையாகும். ஃபிளாஷ் போட்டால் பென்சில் பளபளத்து கருமை போய்விடும். ஆவணம் ஸ்கேன் செய்யும் ஆப் வெள்ளையைக் கூட்டி மெல்லிய ஷேடிங்கையே அழித்துவிடும். மேகமூட்டமான பகலில், ஜன்னல் பக்கம் தாளைச் சுவரில் ஒட்டி, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டே போனால் ஓரங்கள் வளையும். ஏ4 வரை உள்ளதை ஸ்கேனரில் 300 டிபிஐயில் எடுப்பதே மேல்.

‘இயற்கையின் எழில்’ என்று தலைப்பு வைக்காதீர்கள். ‘கோயில் மண்டபத் தூண், நேரில், 2பி பென்சில், ஏ4, 40 நிமிடம்’ என்று எழுதினால் போதும். குழுவாகச் செய்ததில் உங்கள் பங்கு எது என்று சொல்லுங்கள். ஆசிரியர் திருத்திய தாளையும் ஏஐ உருவாக்கிய படத்தையும் சொந்தப் படைப்பாக வைக்கவே கூடாது. நேர்காணலில் ‘இந்தக் கோடு ஏன் இங்கே?’ என்று கேட்டால் பதில் இருக்காது.

கடைசியாக, கெடு நேரம். நியூயார்க் நேரப்படி இரவு 11.59 என்றால் குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் காலை 10.29. பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பொது அமைப்பான யூகாஸின் ஜனவரிக் கெடு மாலை 6 மணி, இங்கே இரவு 11.30. எந்தக் கெடுவானாலும் இரண்டு நாள் முன்பே போர்ட்ஃபோலியோ பிடிஎஃப்பை ஏற்றி, வேறொரு போனில் திறந்து பக்கம் பக்கமாகப் பார்த்துவிடுங்கள். படுக்கைவாட்டுப் பக்கம் செங்குத்தாகத் திரும்பியிருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.