விவசாயிகள் வாட்ஸப் குழுவில் ஸ்பேமை நிறுத்துவது எப்படி?

நீலகிரியில் கேத்தி, கோத்தகிரி பக்கம் விவசாயிகள் வாட்ஸப் குழுவில் எல்லாரும் முதலில் தேடுவது மேட்டுப்பாளையம் மண்டியின் கேரட், உருளைக்கிழங்கு விலையைத்தான். கடன் விளம்பரம், சூதாட்ட லிங்க் போன்ற ஸ்பேம் வரிசையாக வந்து விழுந்தால் அந்த விலை மேலே போய் மறைந்துவிடும். புதிதாக அட்மின் ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, வாசலைச் சாத்துவது. குழுவின் பெயரைத் தொட்டு, அனுமதிகள் பகுதிக்குப் போய், புது உறுப்பினர்களை அட்மின்தான் ஏற்க வேண்டும் என்பதை ஆன் செய்யுங்கள். அழைப்பு லிங்க் கண்ட இடத்தில் பரவியிருந்தால் அதை ரீசெட் செய்துவிடுங்கள். பழைய லிங்க் செல்லாது. சேரக் கேட்பவரிடம் "எந்த ஊர், என்ன பயிர்?" என்று தனியாகக் கேளுங்கள். நம் ஊர்க்காரர் "கேத்திங்க, கேரட்டும் பூண்டும்" என்று சட்டென்று சொல்வார். ஸ்பேம் அனுப்ப வந்த எண் பெரும்பாலும் பதிலே போடாது.

அதையும் தாண்டி ஸ்பேம் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த எண்ணை ரிப்போர்ட் செய்யுங்கள். அவர் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் வரை வாட்ஸப்புக்குப் போகும். அப்புறம் செய்தியை அழுத்திப் பிடித்து எல்லாருக்கும் அழித்துவிட்டு, எண்ணை நீக்குங்கள். அவரோடு வாதம் வேண்டாம். மழை மாதிரி கொட்டினால், அட்மின் மட்டும் எழுதலாம் என்று கொஞ்ச நேரம் மாற்றி வையுங்கள்.

நம் மலையில் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அது இலவசம். பணம் கட்டினால் இ-பாஸ் என்று எந்த லிங்க் வந்தாலும் யோசிக்காமல் அழியுங்கள்.

ரொம்பக் கவனம் தேவைப்படுவது, நமக்குத் தெரிந்தவர் எண்ணிலிருந்தே "பி.எம். கிசான்" பெயரில் ஏபிகே கோப்பு (போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) வரும்போதுதான். கோப்பை உடனே அழியுங்கள், ஆனால் அவரைக் குழுவில் வைத்துத் திட்டாதீர்கள். பெரும்பாலும் அவர் போனே பிறர் கட்டுப்பாட்டுக்குப் போயிருக்கும். போன் செய்து, "அண்ணே, உங்க நம்பர்ல இருந்து ஒரு ஃபைல் வந்திருக்கு, நீங்க அனுப்பினீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், சரிசெய்யும் வரை அவர் எண்ணைக் குழுவிலிருந்து எடுத்து வைப்பதாகச் சொல்லுங்கள். போனில் நெட்டை நிறுத்தி, வேறொரு போனிலிருந்து வங்கிக்குப் பேசச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் கைமாறிவிடும். அந்த ஆப்பை நீக்கி, வாட்ஸப்பில் இணைந்துள்ள சாதனங்களில் தெரியாதவற்றை வெளியேற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க பின் வைத்த பிறகு அவரை மறுபடி குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதானவராக இருந்தால் யாராவது நேரில் போய்ச் செய்து கொடுங்கள்.

கோப்பைத் திறந்தவர்கள் வேறு யாராவது உண்டா என்று குழுவிலும் கேளுங்கள். அவர் பெயரை மட்டும் சொல்ல வேண்டாம்.

அட்மின் மூன்று பேராவது இருக்கட்டும். ஒருவர் சிக்னல் இல்லாத சரிவில் மருந்தடித்துக்கொண்டிருந்தால் இன்னொருவர் அழித்துவிடலாம்.