கழுகுக் கூட்டை நேரலையில் பார்க்கப் பழகுவது எப்படி?

கழுகுக் கூடு லைவ் என்று யாராவது லிங்க் அனுப்பினால் காலையில் சாயா குடித்துக்கொண்டே திறந்து பார்ப்போம். கறுப்பு வெள்ளையில் ஒரு சுள்ளிக் குவியல், நடுவில் ஏதோ ஒரு உருண்டை, அது அசைவதும் இல்லை. அரை நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மூடிவிடுவோம், அதோடு அந்த லிங்க் போயிற்று. அந்த ஊரில் அப்போது இரவு. அந்த உருண்டை, தலையை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு முட்டை மேல் உறங்கும் தாய்ப்பறவை. நேரம் பார்த்துத் திறந்திருந்தால் அதே கூட்டில் மீன் வந்து இறங்குவதையும், குஞ்சுகள் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒன்றை ஒன்று தள்ளுவதையும் பார்த்திருக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூரில் எங்கள் வீட்டு டிவியில் நானும் அம்மாவும் நாலைந்து வருஷமாக இப்படிக் கூடு பார்த்து வருகிறோம். புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்காக, எங்களுக்குப் பழகிப்போனதை எழுதுகிறேன்.

முதலில் மணிக்கணக்கு. ஒரு தாளில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். சிட்னியும் மெல்போர்னும் நமக்கு நாலரை மணி நேரம் முன்னால், அக்டோபர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிவைத்த பிறகு ஐந்தரை. கோடைகாலத்தில் பிரிட்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், நியூயார்க் ஒன்பதரை, கலிபோர்னியா பன்னிரண்டரை. அங்கெல்லாம் குளிர்காலம் வந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். நடைமுறையில் இதற்கு அர்த்தம் இவ்வளவுதான்: காலைப் பலகாரத்துக்கு ஆஸ்திரேலியா, பத்து மணிக்கு மேல் பிரிட்டன், சாயங்காலம் நாலு மணிக்கு நியூயார்க் பக்கம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு கலிபோர்னியா. பறவைகள் விடிந்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் நல்ல சுறுசுறுப்பாக இருக்கும். அந்தப் பொழுது நமக்கு எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்து, அதற்குத் தோதான கூட்டை எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது மாதம். உலகத்தின் இரண்டு பாதியும் சேர்ந்தால் வருஷம் முழுக்க எங்காவது ஒரு கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும். ஜனவரியில் கலிபோர்னியாவின் பிக் பேர் மலைப்பகுதியில் ஜாக்கி, ஷேடோ என்ற வெண்தலைக் கழுகு (பால்ட் ஈகிள்) ஜோடி முட்டையிடும். ஏரியைப் பார்த்தபடி, சுமார் 145 அடி உயரத்தில் ஒரு பைன் மரத்தில் கூடு. மார்ச் வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் இதாகாவில் கார்னெல் பல்கலைக்கழகத்துச் செவ்வால் பருந்துகள் (ரெட்-டெயில்டு ஹாக்). மைதானத்து விளக்குக் கம்பத்தில் 80 அடி உயரத்தில் கூடு, அங்கே 2012 முதல் கேமரா உண்டு. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பிரிட்டனின் விரால் அடிப்பான்கள் (ஆஸ்ப்ரே). இங்கிலாந்தின் ரட்லண்ட் நீர்த்தேக்கத்துக்கு 1996 முதல் ஸ்காட்லாந்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்துப் பறக்கவிட்டு, 2001-இல்தான் அங்கே முதல் குஞ்சு பொரித்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கூட்டைப் பார்த்தால் பார்வையே வேறாகிவிடும். ஜூன், ஜூலையில் சிட்னி ஒலிம்பிக் பார்க் காட்டில் வெண்வயிற்றுக் கடற்கழுகு (ஒயிட்-பெல்லிடு சீ ஈகிள்). இது நம் இந்தியக் கடற்கரைகளிலும் உள்ள இனம். ஆகஸ்ட் கடைசி முதல் நவம்பர் வரை மெல்போர்ன் காலின்ஸ் தெருவில், மாடிக் கட்டடத்து விளிம்பில், பொரி வல்லூறு (பெரிக்ரின் ஃபால்கன்). இது சுள்ளி அடுக்கிக் கூடு கட்டாது, சரளையில் சின்னதாகக் குழி பறித்து முட்டையிடும்.

இத்தனையும் சொன்னது ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான். எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். ஐந்து கூட்டை மாற்றி மாற்றிப் பார்க்கிறவருக்கு எல்லாமே துண்டு வீடியோ மாதிரி ஆகிவிடும். ஒரே கூட்டை முட்டையிலிருந்து பறக்கும்வரை பார்த்தால்தான் இந்த அப்பன் சோம்பேறி, இந்தத் தள்ளைக்கு மழை பிடிக்காது, நடுக்குஞ்சு தின்னத் தெரியாமல் நிற்கிறது என்பதெல்லாம் பிடிபடும். தினம் கால் மணி நேரம் போதும். ஆனால் தினமும் வேண்டும்.

போனிலோ டிவியிலோ யூடியூபைத் திறந்து பறவையின் ஆங்கிலப் பெயரையும் நெஸ்ட் கேம் லைவ் என்பதையும் ஆங்கிலத்தில் அடித்தால் வரிசையாக வரும். இங்கே ஒரு எச்சரிக்கை: பழைய பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு லைவ் என்று போடுகிற சேனல்கள் உண்டு. படத்தின் மூலையில் தேதியும் மணியும் ஓடுகிறதா, அது அந்த ஊர் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கேமரா வைத்திருக்கும் அமைப்பின் சொந்தச் சேனலாக இருந்தால் நல்லது. படத்தின் தரத்தை 360 அல்லது 480-இல் வையுங்கள். தினம் ஒன்றரை ஜிபி பிளான் உள்ளவர்கள் 720-இல் வைத்துவிட்டுச் சமையலைப் பார்க்கப் போனால் திரும்பி வரும்போது டேட்டா இருக்காது. பெரும்பாலான நேரலைகளில் சிவப்புக் கோட்டைப் பின்னால் இழுத்து 12 மணி நேரம் வரை நடந்ததைப் பார்க்கலாம். காற்றுக் காலத்திலும் மழையிலும் நம் பக்கம் கரண்ட் போகிற போக்குக்கு இந்த ஒரு வசதி இல்லாவிட்டால் நாங்கள் எத்தனையோ குஞ்சு பொரிப்பதைத் தவறவிட்டிருப்போம். இரவில் படம் கறுப்பு வெள்ளையாக இருப்பது கேமரா அகச்சிவப்பு ஒளியில் எடுப்பதால். அந்த வெளிச்சம் பறவைக்குத் தெரியாது. அப்புறம் சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள். ஜோடிப்பறவை வருவது படத்தில் தெரிவதற்கு முன்னால் கூட்டில் இருக்கிற பறவை குரல் கொடுக்கும்.

சரி, எதைப் பார்ப்பது?

முட்டைக் காலத்தில் ஒன்றும் நடக்காது என்று நினைப்பார்கள். வீட்டில் கோழி அடைவைத்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. கழுகு முட்டைகளுக்கு நடுவே நடக்கும்போது காலைக் கவனியுங்கள்: மீனைக் குத்தித் தூக்குகிற அந்த நகங்களை உள்ளே மடித்து, முஷ்டி பிடித்த மாதிரிக் கட்டையாக வைத்துக்கொண்டு நடக்கும். அலகால் முட்டையைப் புரட்டும், பிறகு இடமும் வலமுமாக அசைந்து வயிற்றுச் சூடு படும்படி உட்காரும். இரண்டில் எது பெட்டை என்பதற்கு எளிய வழி அளவுதான். வேட்டைப் பறவைகளில் பெட்டைதான் பெரிது. ஆள் மாறும் நேரம் அழகாக இருக்கும். சேவல் வந்து பக்கத்தில் நிற்கும், இவள் எழுந்திருக்க மாட்டாள், அது ஒரு சுள்ளியைக் கொண்டுவந்து வைக்கும், மெதுவாக நெருக்கித் தள்ளும், கடைசியில் அரை மனசாக எழுந்து போவாள். வெண்தலைக் கழுகுக்கு முட்டைக்கு 35 நாள், விரால் அடிப்பானுக்கு 37 நாளைச் சுற்றி, பொரி வல்லூறுக்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதல். முட்டையிட்ட தேதியைக் குறித்துவைத்தால் எந்த வாரம் விடாமல் உட்கார வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அந்த வாரத்தில் முட்டையில் முதலில் ஒரு நட்சத்திர விரிசல் தெரியும். உள்ளே இருக்கிற குஞ்சின் அலகு நுனியில் அரிசி நொய் மாதிரி ஒரு கூர்ப்பு இருக்கும், அதால் இடித்து இடித்துத்தான் ஓட்டை போடுகிறது. ஓட்டை விழுந்த உடனே வெளியே வந்துவிடாது, ஒரு நாள் முழுக்கவும் ஆகலாம். பதற வேண்டாம், தள்ளை அதற்கு உதவி செய்யவில்லையே என்று வருத்தப்படவும் வேண்டாம். பொரித்த பிறகு முதல் ஊட்டலை மட்டும் எப்பாடுபட்டாவது பார்த்துவிடுங்கள். கையளவு மாமிசத்தை ஒரே இழுப்பில் கிழிக்கிற அந்த அலகு, கடுகளவு துணுக்கை எடுத்துத் தலையைச் சாய்த்து, ஆடிக்கொண்டிருக்கிற குஞ்சின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். குஞ்சு பிடிக்காவிட்டால் தானே தின்றுவிட்டு அடுத்த துணுக்கை எடுக்கும். அம்மா முதன்முதலில் இதைப் பார்த்தபோது, "மக்களே, நம்ம வீட்டுக் குஞ்சை ராஞ்சிட்டுப் போற பிராந்தும் கூட்டிலே இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும்.

அதன்பிறகு குஞ்சின் கழுத்தடியைப் பார்க்கப் பழகுங்கள். தின்ற கோழிக்குஞ்சுக்கு நெஞ்சுக்கு மேலே ஒரு பை புடைத்து நிற்குமே, அதேதான். அது புடைத்திருந்தால் வயிறு நிறைந்தது, இரை வந்து நேரமாகிவிட்டாலும் கவலை இல்லை. பெரிய குஞ்சு சின்னதைக் கொத்துவது சகஜம். கழுகுகள் முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்குவதால் குஞ்சுகளுக்குள் நாள் வித்தியாசம் இருக்கும், மூத்தது பலசாலி. இரை தாராளமாக வருகிற கூட்டில் இந்தச் சண்டை ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். வெயிலில் பெற்றோர் சிறகை விரித்து நிற்பது குஞ்சுக்கு நிழல் கொடுக்க. வளர்ந்த குஞ்சு இரை மேல் சிறகைக் கவிழ்த்துக் குனிந்தால் அது யாருக்கும் தர மாட்டேன் என்பது. கடைசி வாரங்களில் கூட்டு விளிம்பில் நின்று சிறகடித்துக் குதிக்கும், பக்கத்துக் கிளைக்குத் தாவும், ஒருநாள் காலையில் கூடு காலியாக இருக்கும்.

இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். தேதி, நம் நேரம், யார் கூட்டில், என்ன இரை, எந்தக் குஞ்சு தின்றது. ஒரு வரி போதும். மூன்று வாரம் கழித்துப் புரட்டினால், மழை நாளில் மீன் வரத்து குறைகிறது என்பது மாதிரி யாரும் சொல்லாத விஷயம் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

இனி கஷ்டமான பேச்சு. குஞ்சு சாகும், முட்டை பொரிக்காமலும் போகும். 2024-இல் ஜாக்கி மூன்று முட்டையிட்டாள், ஒன்றும் பொரிக்கவில்லை. நாள் தாண்டிப்போன பிறகும் இரண்டு பேரும் மாறி மாறிப் பனியில் அடைகாத்ததை நாங்களும் பார்த்துக்கொண்டு இருந்தோம். அடுத்த வருஷம் மூன்றும் பொரித்தன, மார்ச் மாதப் பனிப்புயலில் ஒன்று போய்விட்டது, மற்ற இரண்டும் சன்னி, கிஸ்மோ என்று பெயர் பெற்று ஜூனில் பறந்தன. ஆட்கள் ஏன் ஏறிப்போய்க் காப்பாற்றவில்லை என்ற கேள்வி ஒவ்வொரு தடவையும் வரும். ஆள் ஏறினால் மிச்சமிருக்கிற குஞ்சும் பயந்து விளிம்பிலிருந்து விழலாம், பெற்றோர் கூட்டைவிட்டு விலகி நிற்கலாம்; அதனால் பெரும்பாலான அமைப்புகள் இயற்கையாக நடப்பதில் கைவைப்பதில்லை, தூண்டில் நரம்பு சுற்றிக்கொள்வது போல மனிதனால் வந்த ஆபத்தில்தான் சிலர் இறங்குவார்கள். இது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் முதல் நாளே இதைச் சொல்லிவையுங்கள், நடந்த பிறகு மறைக்காதீர்கள். உங்களுக்கே தாங்கவில்லை என்றால் இரண்டு நாள் மூடிவையுங்கள். பக்கத்தில் ஓடுகிற லைவ் சாட் பகுதியை அப்போது திறக்கவே வேண்டாம், அங்கே பெரும்பாலும் ஆத்திரம்தான் இருக்கும்.

ஒரு சீசன் முழுக்கப் பார்த்தவர் அப்புறம் வெளியே வந்து மேலே பார்க்க வேண்டும். நான் கேமராவில் பழகிய பிறகுதான் நம் வானத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் வள்ளம் கரையேறும் நேரத்தில் வட்டமிடும் செம்பருந்தை, நாம் கருடன் என்றும் கிருஷ்ணப் பருந்து என்றும் கும்பிடுவதை, குஞ்சுப் பருவத்தில் பழுப்பாக இருப்பதால் பலர் கள்ளப்பருந்து என்று நினைத்துவிடுவார்கள். வாலைப் பாருங்கள்: கருடனுக்கு வால் நுனி உருண்டை, கள்ளப்பருந்துக்குப் பிளவு. குளிர்காலத்தில் மணக்குடிக் காயல் பக்கமும் எங்கள் தேரூர் குளத்துப் பக்கமும் (சுசீந்திரம்-தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது) விரால் அடிப்பான் வந்தால், மீனைத் தலை முன்னால் இருக்கும்படி பிடித்துக்கொண்டு பறக்கிறதா என்று பாருங்கள். ரட்லண்ட் கூட்டில் வந்து இறங்குகிறதும் அதே பிடிதான்.

கருடன் நம் பக்கம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூடு வைக்கும், உயரமான தென்னையும் அதற்குப் பிடிக்கும். கூடு கண்டால் மரத்தில் ஏறாதீர்கள், போனைக் கம்பில் கட்டி நீட்டாதீர்கள், ட்ரோன் வேண்டவே வேண்டாம். கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துவது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. தூரத்தில் நின்று பைனாகுலரில் பாருங்கள். பறவை எழுந்து உங்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால் அதிகம் நெருங்கிவிட்டீர்கள், வந்த வழியே திரும்புங்கள். தேங்காய் வெட்ட வருகிறவரிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முட்டைக்கு 26, 27 நாள், குஞ்சு பறக்க அதற்கு மேலும் சுமார் ஐம்பது நாள் ஆகும். 45 நாளுக்கு ஒருமுறை வெட்டுகிற தோப்பில் அந்த ஒரு மரத்துக்கு இரண்டு வெட்டு போகும். பக்கத்து வீட்டு மாமா போன வருஷம் விட்டுவைத்தார். ஏப்ரலில் ஒரு பழுப்புக் குஞ்சு அந்த மரத்திலிருந்து எங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வரை பறந்து வந்து உட்கார்ந்தது.